பாறை நிலத்தில் கேபிள் செலவு

ஆசிரியருக்கு,

ஃபைபர் கேபிளைப் புதைப்பதே நல்லது, கம்பத்தில் கட்டுவது ஒப்பேற்றும் வேலை என்ற தொனியில் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே சராசரியை வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். மண் நிலத்துக்குச் சரி. பாறையில் கேபிள் பதிக்கும் வேலையை மேற்பார்வை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

புதைக்கும் செலவில் பெரும்பங்கு தோண்டுவதற்கே போகிறது, கேபிள் விலை கொஞ்சம்தான். பொக்லைன் வாளி இறங்காத இடத்தில் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டி உடைக்க வேண்டும். டீசலும் உளியும் தீரும், வேலை நகராது. அப்புறம், உடைத்த கல்லை அப்படியே பள்ளத்தில் தள்ளி மூடவும் முடியாது. கூர்முனை, கேபிள் போகும் குழாயைக் குத்தும். கீழும் மேலும் மணல் போட வேண்டும். கல் வெளியே போகவும் லாரி, மணல் உள்ளே வரவும் லாரி. போதிய ஆழம் கிடைக்காவிட்டால் குழாயைச் சுற்றிக் கான்கிரீட்.

இதைவிடப் பெரிய தலைவலி பில் போடும்போது வரும். மென்பாறைக்கு ஒரு ரேட், கடும்பாறைக்கு ஒரு ரேட். உடைத்து மூடிய பிறகு எது எவ்வளவு என்று சண்டை. டெண்டருக்கு முன்பே பாதை நெடுகச் சோதனைக் குழி போட்டுப் பார்த்தால் இதில் பாதி இருக்காது. அந்தச் சிறு செலவைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்!

மேலே கட்டுவதும் எப்போதும் மலிவில்லை. மின்கம்பங்கள் ஏற்கெனவே இருந்தால், உலோகமே இல்லாத, தன் எடையைத் தானே தாங்கும் ஏடிஎஸ்எஸ் கேபிளை அவற்றிலேயே கொண்டுபோகலாம். கம்பம் புதிதாக நட வேண்டுமென்றால் அதே பாறையைத்தான் துளைக்க வேண்டும், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிக்கும் சேர்த்து. ஆனால் கம்பத்துக்கு ஒரு குழிதான், தொடர் பள்ளம் கிடையாது. கம்ப வாடகை, விழும் கிளை, உயரமான லாரி, அணில் பல் எல்லாம் பிற்பாடு வரும் செலவுகள். அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், சீக்கிரம் இணைக்கலாம். பாறைக்குள் குழாய் நசுங்கினால் மறுபடியும் பிரேக்கர்தான்.

என் யோசனை: மண் உள்ள பகுதியில் புதையுங்கள், பாறைப் பகுதியில் மேலே ஏற்றுங்கள். ஏறி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கூடுதல் வேலை இருப்பதால் துண்டு துண்டாக மாற்றக் கூடாது. பாறையை உடைத்தே ஆக வேண்டுமென்றால், திறந்த பள்ளத்தில், பிற்பாடு கேபிள் சேர்க்கக் காலிக் குழாய் ஒன்றிரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் பணி மேற்பார்வையாளர்