நான் தொடாத கருவிக்கு 20 மதிப்பெண்

பள்ளிக் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் 2025 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதியவள். அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி, முதல் குரூப். இப்போது பக்கத்து நகரத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு. எங்கள் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் இடம் எப்போதிலிருந்து காலி என்பது உங்கள் கோப்பில் இருக்கும், அதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலியிடம் வகுப்பறைக்குள் எப்படி இருந்தது என்பது கோப்பில் இருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

போன மாதம் கல்லூரி ஆய்வகத்தில் என் மேசைக்கு நிறமாலைமானி வந்தது; ஒளி முப்பட்டகத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி. "பிளஸ் டூவில் செய்ததுதானே, முதலில் சரி பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு சார் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எந்தத் திருகைத் தொடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். திரும்பி வந்தவர், "செய்முறைத் தேர்வில் எவ்வளவு?" என்று கேட்டார். "20 சார்" என்றேன். இருபதுக்கு இருபது. அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலிருந்த தொலைநோக்கியை ஜன்னல் பக்கம் திருப்பி, "அந்த வேப்பமரம் தெளிவாகத் தெரியும்வரை இதைத் திருகு" என்றார். மரம் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம். இவ்வளவு அழகான ஒன்றை இரண்டு வருடம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தார்களே என்ற கோபம் இன்னொரு பக்கம்.

அந்த 20 எப்படி வந்தது என்று உள்ளபடியே எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் தொடங்கியபோதே இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அது அவர் உரிமை, அதில் எனக்குக் குறை இல்லை. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை என்பதுதான் குறை. வேதியியல் டீச்சர் தன் பாடவேளையோடு எங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். பிளஸ் டூவில் செப்டம்பர் மாதம் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். நன்றாக நடத்தினார். நிலை மின்னியலில் தொடங்கி ஒவ்வொரு பாடமாக ஓடி ஓடி முடித்தார். அவருக்கு மூன்று மாதச் சம்பளம் நிலுவை. டிசம்பரில், ஒளியியல் ஆரம்பித்த வாரம், தனியார் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம், தலைமை ஆசிரியர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கெஞ்சி ஓர் ஆசிரியரை இரண்டு நாளைக்கு அழைத்து வந்தார். மீட்டர் சமனச்சுற்று, மின்னழுத்தமானி, டேஞ்சன்ட் கால்வனோமீட்டர், நிறமாலைமானி, டையோடு என்று எல்லாம் அந்த இரண்டு நாளில். அவர் செய்ய, நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். பின்வரிசையில் நின்ற எனக்கு முன்னால் நின்றவளின் ரிப்பன்தான் தெரிந்தது. ரெக்கார்டு நோட்டை அதற்கு முன்பே அக்காமார்களின் பழைய நோட்டைப் பார்த்து எழுதி முடித்திருந்தோம். முப்பட்டகக் கோணம் 60 டிகிரி, சிறும திசைமாற்றக் கோணம் 40 டிகிரி, ஒளிவிலகல் எண் 1.53. எனக்கு முந்தைய வருடத்துக்கும் அதுதான், அதற்கு முந்தைய வருடத்துக்கும் அதுதான்.

தேர்வன்று எனக்கு அதே நிறமாலைமானிச் சோதனை விழுந்தது. கருவியைத் தயாராக வைத்திருந்தார்கள். நான் மனப்பாடமாக இருந்த அளவுகளை எழுதிக் கொடுத்தேன். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. கையில் 30 இருந்தால், எழுத்துத் தேர்வின் 70-ல் 15 எடுத்தாலே தேர்ச்சி. எங்கள் வருடத்தில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன். எங்கள் வகுப்பு முழுக்க இருக்கிறது. அதனால் எங்கள் பள்ளியில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: வகுப்பு தொடங்கும் ஜூன் மாதமே இயற்பியலுக்கு ஒரு நிரந்தர ஆசிரியர்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் என் தங்கை. அதே பள்ளி, அதே குரூப், பிளஸ் ஒன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்திருக்கிறீர்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பயம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது நல்ல முடிவு. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அடுத்த பயத்துக்குள் போனவள் நான், அதன் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் 2017-ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கே, பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை நடத்துகிறார்கள் என்பதுதானே காரணம்? எங்கள் பள்ளியில் யாரும் வேண்டுமென்று விடவில்லை. நடத்த ஆள் இல்லாமல் விட்டுப்போகிறது. பொதுத்தேர்வு இருந்தபோது, "பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டுமே" என்று சொல்லியாவது தலைமை ஆசிரியர் மேலே கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். இனி அதையும் சொல்ல முடியாது. தங்கையின் இயற்பியல் புத்தகம் இரண்டு தொகுதியும் புதுசு கலையாமல் இருக்கிறது. பாடவேளையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "எழுதிட்டு உக்காந்திருப்போம்" என்கிறாள்.

அரசு எங்களுக்குச் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். சைக்கிள் கொடுத்தீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்குக்கு வருகிறது. பஸ்ஸும் புத்தகமும் அதில்தான் ஓடுகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-லேயே வந்துவிட்டது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. இவையெல்லாம் எங்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே போன பிறகு எங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நாங்கள் நிற்க வேண்டும். என் வகுப்பில் கருவியைப் பார்த்துத் திகைத்து நின்றவள் நான் மட்டுமில்லை. எங்கள் மேசையில் மூன்று பேர், மூவரும் அரசுப் பள்ளி.

சரி, சொல்ல வந்ததை விட்டு வேறு பக்கம் போகிறேன். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வரும் ஜூனில் அந்த இடத்தை நிரப்புங்கள். அதுவரைக்கும் தற்காலிகமாக ஒருவரை அனுப்பினால், அவருக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச் சேரும்படி பாருங்கள், பாதியில் போகமாட்டார். வாரத்தில் ஒரு பாடவேளையாவது பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போகட்டும்.

புதிதாகக் கருவி வாங்கச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் நிறமாலைமானி இருக்கிறது. இரண்டாவது பீரோவில், மஞ்சள் துணி சுற்றி, ரசமட்டம்கூட உடையாமல் இருக்கிறது. சாவி தலைமை ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்குகிறது. அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே ஏரிக்கரையில் ஒரு பனைமரம் நிற்கிறது. தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்கச் சரியான தூரம். என் தங்கைக்கு அதைக் காட்ட ஓர் ஆசிரியரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் பள்ளியில் படித்த மாணவி