படகுக்குப் பலகை வாங்கும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே செய்யக்கூடிய மரவேலைகள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் சிறிய பாய்மரப் படகையும் சேர்த்திருந்தது மகிழ்ச்சி தந்தது. கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு இது எதற்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஆழியாறும் அமராவதியும் பவானிசாகரும் நம்மிடம் உள்ளன. இங்கிலாந்தில் 1963-இல் ஒரு நாளிதழே இதை முன்னெடுத்தது. ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் உருவாக்கிய, 11 அடிக்குச் சற்றுக் குறைவான 'மிரர்' படகு 'டெய்லி மிரர்' பத்திரிகையின் பெயரைத் தாங்கி வந்து, இன்றுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. பிளைவுட் பலகைகளின் விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்துச் சேர்த்து, இணைப்புகளைப் பசையாலும் கண்ணாடி இழையாலும் மூடும் முறை அது. ஆனால் தங்கள் கட்டுரை "பிளைவுட்டை வெட்டி ஒட்டினால் போதும்" என்று முடித்துக்கொண்டது. புதிதாகத் தொடங்குவோர் பணத்தை இழப்பது அந்த வெட்டுவதிலும் ஒட்டுவதிலும்தான்.

வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, பலகையில் ஒட்டி வெட்டக் கூடாது. காகிதம் ஈரத்தில் நீளும். நகல் இயந்திரமும் நீளத்தை ஒருவிதமாகவும் அகலத்தை வேறுவிதமாகவும் காட்டும். வரைபடத்தோடு வரும் அளவு அட்டவணையில் உள்ள எண்களைக் கொண்டு தரையில் முழு அளவில் வரைய வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் 2-3-5 என்று இருக்கும். நம் ஆசாரிமார்களுக்கு இது பழகிய கணக்கு: 2 அடி, 3 இஞ்ச், 5 நூல். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் இன்னும் அரை நூல். இதையே மூன்றரை இஞ்ச் என்று படித்தால் ஒரு நூல் குறைந்து, அந்த இடத்தில் பக்கப்பலகை குழிந்து நிற்கும். புள்ளிகளில் ஆணி அடித்து, முடிச்சில்லாத மெல்லிய ரீப்பர் சட்டத்தை வளைத்து வைத்து, தரையோடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். எந்த ஆணியிடம் ரீப்பர் முறிந்தாற்போலத் திரும்புகிறதோ, அங்கே எண் தவறு. அதன்பின் சார்ட் அட்டையில் அடிக்கு ஒரு இஞ்ச் அளவில் ஒரு மாதிரி செய்துவிட்டால், மீதிப் பிழைகள் அட்டையோடு போய்விடும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாமல், கையகலத் துண்டு ஒன்றை சில மணி நேரம் கொதிக்கவைத்துக் காயவைத்து, அடுக்கு பிரிகிறதா என்று பாருங்கள். வெட்டிய விளிம்பில் பொந்து தெரிந்தால் அந்தப் பலகை வளைக்கும்போது அங்கேதான் உடையும். பத்தடிப் படகுக்கு 6 மி.மீ. போதும். "இருக்கட்டுங்க, அரை இஞ்சே போட்டுறலாங்க" என்று ஆசாரி சொன்னால் கேட்காதீர்கள். அது முன்பக்கத்தில் வளையவே வளையாது, எடையும் இரட்டிப்பாகும். வெளிநாட்டு வரைபடங்கள் ஒக்கூமே என்ற எடை குறைந்த மரத்தின் பிளைவுட்டை மனதில் வைத்துப் போடப்பட்டவை. நம் ஊர்ப் பலகை ஏற்கெனவே அதைவிடக் கனம்.

பசைதான் பெரிய விஷயம். தண்ணீர்த் தொட்டி செய்யும் ஃபைபர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அது மரத்தோடு உறுதியாகப் பிடிக்காது. வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் தோலாக உரிந்துவரும். ரெசினோடு ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து பூசும் எபாக்ஸிதான் வேண்டும். கண்ணாடி இழையிலும் அந்தக் கடைகளில் கிடைக்கும், துண்டு இழைகளை ஒட்டிச் செய்த 'மேட்' விரிப்பு வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பொடி பாலியெஸ்டரில் கரையும், எபாக்ஸியில் கரையாது. நெய்த துணியாகக் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் வேலைக்காரர்கள் சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்டைக் கூட்டுவார்கள். எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் மிச்சம் வேதிவினை புரியாமல் தங்கி, பசை மிருதுவாகவே நின்றுவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் விகிதத்தைச் சிறிய எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும்.

நம் சித்திரை வெயிலில் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால் சில நிமிடங்களில் சூடேறிப் புகையும். 100 கிராமுக்கு மேல் கலக்காமல், உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். காலையில் பூசுவதும் தவறு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சு முழுக்கக் கொப்புளமாக்கும். மாலையில் வெப்பம் இறங்கும் வேளையே சரி. ஐப்பசி மழைக்காலத்தில் காய்ந்த பூச்சின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரும். வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே தேய்த்து அடுத்த பூச்சு. கையுறை இல்லாமல் தொடவே கூடாது. தோலில் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாது.

பலகைகளைத் தைக்கும் செம்புக் கம்பிக்கு அலைய வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் 18 கேஜ் கிடைக்கும். அரை அடிக்கு ஒரு துளை, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே. முதலில் கையாலேயே தளர்வாக முறுக்குங்கள். எல்லாம் கூடியபின் முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு நேர்ச்சட்டம் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று இணையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். திருகல் இருந்தால் அப்போதே நிமிர்த்த வேண்டும். எபாக்ஸி இறுகியபின் வழியில்லை.

பாய்க்குத் திருப்பூர் பனியன் துணி உதவாது, இழுபடும். முதல் பாயைத் தார்ப்பாயிலேயே வெட்டலாம்.

முன்னும் பின்னும் காற்றடைப்பு அறைகள் இல்லாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீர் நிரம்பியும் மிதக்கிறதா என்று பார்த்த பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும், அதுவும் உயிர்க்காப்புச் சட்டையோடு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் புதியவர்கள் பாய் விரிக்கவே வேண்டாம். அவர்களுக்குத் தை, மாசி மாதங்களே நல்லது.

அணைகளில் விருப்பம்போலப் படகை இறக்க முடியாது. எந்த நீர்த்தேக்கத்தில், எந்தத் துறையிடம், எப்படி அனுமதி பெறுவது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் மாவட்டவாரியாகக் கேட்டு வெளியிட்டால், பலகை வாங்கும் முன்பே பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை.