அந்த கோல் விஷயமாக, சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

இதைத் தம்பி தன் போனில் வைத்து உங்களுக்குப் படித்துக் காட்டுவான். பாதியில் "போதும்டா" என்று நீங்கள் சொன்னால் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். நேரில் வராமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறானே என்று கோபப்படுவீர்கள். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். சித்தி காபி கொடுப்பார், நீங்கள் பேப்பரைப் பிரித்துக்கொள்வீர்கள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாலு பொங்கல் அப்படித்தான் போனது.

பாப்பாவுக்கு ஃபுட்பாலுக்காக விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இல்லை, கேட்கக்கூடாது என்றுதான் கேட்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2022 டிசம்பர் 18, வேர்ல்டு கப் ஃபைனல் ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. மெஸ்ஸி இரண்டு, எம்பாப்பே மூன்று, பெனால்டியில் 4-2, தெருவில் வெடி. அந்தக் காலத்து ஆட்டம் பெரிசா, இந்தக் காலத்து ஆட்டம் பெரிசா என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் படிக்கிறவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். "நீங்க ஆடினதை நீங்க சொல்லித்தான் நாங்க கேட்டிருக்கோம். வேற யாரு பார்த்தா?" இதுதான் நான் சொன்னது. பிள்ளைகளெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து போய் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டீர்கள்.

பதினோரு நாள் கழித்து பெலே இறந்தார். அன்றைக்கு உங்களுக்குப் போன் பண்ணத்தான் எடுத்தேன். நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

சரி, அந்தப் பந்து. 1990 மே மாதம். குடமுருட்டி ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கரை வரை மணல்தான் எங்கள் கிரவுண்டு. இன்றைக்கும் டெல்டாப் பையன்களுக்கு ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடினால்தான் மைதானம் திறக்கும். ஜூனில் தண்ணீர் விட்டால் மைதானம் மூடிவிடும். வேர்ல்டு கப் தொடங்க இன்னும் சில வாரம் இருந்தது. நான் சும்மா இருக்காமல், பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, பழைய ஆட்டக்காரர்களெல்லாம் மெதுவாக ஓடினார்கள், இப்போது ஆடினால் பந்தே கிடைக்காது என்று உங்களிடம் சொன்னேன். பதினோரு வயது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மணலில் தோண்டின ஊற்றிலிருந்து அதைத் தூக்கினீர்கள். பரண் மேல் கிடந்த உங்கள் தோல் பந்து. நாடா போட்டுக் கட்டுகிற பந்து. முந்தின ராத்திரியே கொண்டுபோய் ஊற்றில் போட்டு, மேலே கல் வைத்து அமுக்கியிருக்கிறீர்கள். கறுத்துப்போய், தையல் தையலாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டு, செத்த ஆமை மாதிரி இருந்தது. "நில்லு. தலையால அடி" என்றீர்கள். மேலே எறிந்தீர்கள். அடித்தேன். கண்ணுக்குள் வெள்ளையாக என்னவோ வெடித்தது. நாடாவின் முடிச்சு சரியாக நெற்றியில் இறங்கியது. மணலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க நேரமானது. "இதுதான்டா அந்தக் காலம்" என்றீர்கள்.

அம்மாவிடம் படித்துறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அம்மா போகும்வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். இடது புருவத்துக்கு மேலே இன்னும் ஒரு கோடு இருக்கிறது. ஷேவ் பண்ணும்போது தினமும் பார்க்கிறேன். சில நாள் அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். சில நாள், ஒரு சின்னப் பையனிடம் வாதத்தில் ஜெயிக்க ஒரு பெரிய மனுஷன் இப்படிச் செய்வானா என்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பந்தின் எடை 410 முதல் 450 கிராம். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். தோல் பந்து தண்ணீர் குடித்தால் கனக்கும், அவ்வளவே. நீங்கள் ஆடின டோர்னமென்ட் எல்லாம் பங்குனி, சித்திரையில். புழுதி பறக்கிற திடலில். அங்கே பந்து எப்போது நனைந்தது, சித்தப்பா? ஐப்பசி மழையில் நம் ஊரில் யார் டோர்னமென்ட் நடத்தினார்கள்? மழையில் ஆடுகிற இங்கிலாந்துக்காரன் கஷ்டத்தை எடுத்து என் நெற்றியில் போட்டீர்கள்.

அங்கே அது நிஜமான கஷ்டம்தான். ஜெஃப் ஆஸ்டில் என்று ஒருவர். 1970 உலகக் கோப்பைக்குப் போன இங்கிலாந்து அணியில் இருந்தவர், தலையால் அடிப்பதில் பேர் போனவர். 2002இல் ஐம்பத்தொன்பது வயதில் இறந்தார். கடைசி நாட்களில் நினைவெல்லாம் போய்விட்டது. பந்தை முட்டி முட்டி மூளை கெட்டது, இது தொழிலால் வந்த நோய் என்று மரண விசாரணையில் எழுதினார்கள். தம்பி போன மாதம் உங்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான். தம்பி சொன்னதை இங்கே எழுதவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை.

உங்கள் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த படம் இருக்கிறதா? 1962 ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு ஃபைனல். தென் கொரியாவை 2-1. கோலில் நம் தங்கராஜ். தலையில் தையல் போட்ட ஸ்டாப்பர், அதாவது பின்னால் நின்று தடுத்து ஆடுகிற ஜர்னைல் சிங்கை கோச் ரஹீம் முன்னால் கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டாக இறக்கி, அவரும் ஒரு கோல் போட்ட கதையை நீங்கள் சொல்லாத லீவே கிடையாது. நீங்களும் ஸ்டாப்பர் என்பதால் அதில் உங்களுக்கு ஒரு பங்கு இருந்தது. இந்தியா என்று எடுத்தால் அந்தக் காலம்தான் பெரிசு. ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கின நாடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லவே வேண்டாம். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் என்று மார் தட்டுவீர்களே, அங்கே நாம் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். ஆஸ்திரேலியாவை 4-2. நெவில் டிசோசா மூன்று அடித்தார். மொத்தமே பதினோரு டீம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் அந்த மீதியைச் சொன்னதே இல்லை என்பதுதான் என் குறை. ஜப்பான்காரன் 1993இல்தான் முழுநேர லீக்கே ஆரம்பித்தான். நாம் கீழே இறங்கினதைவிட அவர்கள் ஏறினது அதிகம்.

மரடோனாவும் அப்படித்தான். 1990 ஜூனில் அந்த வீட்டு டிவியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, அந்த மரடோனாவை ஞாபகப்படுத்திப் பாருங்கள். முதல் மேட்சில் ஒன்பது பேராகிப்போன கேமரூனிடம் தோல்வி. யூகோஸ்லாவியாவோடு பெனால்டியைக் கீப்பர் கையில் கொடுத்தார். பிரேசிலோடு எண்பது நிமிஷம் பிரேசில்தான் ஆடியது. 81ஆவது நிமிஷம் நாலு பேரை இழுத்துக்கொண்டு போய் கனீஜியாவுக்கு ஒரு பாஸ், அது கோல். உங்களுக்கு அந்தப் பாஸ் மட்டும்தான் ஞாபகம். 52 மேட்சில் 115 கோல், அந்த வேர்ல்டு கப் முழுக்கப் பாதி நேரம் பந்தைத் தன் கீப்பருக்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1992இல் அதற்கென்று விதியையே மாற்ற வேண்டிவந்தது. மெஸ்ஸிக்கு இந்தச் சலுகை இல்லை. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்த மேட்ச் ஒவ்வொன்றையும் உலகமே பார்த்திருக்கிறது. பழைய ஆளுக்கு நாலு நிமிஷ ரீல், புது ஆளுக்கு வருஷம் முழுக்க கேமரா. இதை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இது சமாதானம் சொல்வது போல இருக்கிறது, தெரிகிறது. சமாதானம்தான்.

இப்போது, உங்களை ஏன் கேட்கவில்லை என்ற அந்த இன்னொரு விஷயம்.

1995. விளையாட்டு விடுதி லிஸ்டில் என் பேர் வந்தது. தஞ்சாவூரில் அன்னை சத்யா மைதானத்தில் மூன்று நாள் ஓடவிட்டு எடுத்த லிஸ்ட். அப்பா உங்களைத்தான் கேட்டார். ஃபுட்பால் விஷயத்தில் அவர் வேறு யாரைக் கேட்பார்? "பையனுக்கு வேகம் பத்தாதுண்ணே. எங்க காலத்துப் பசங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் நிக்கமாட்டான்." நான் கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் வரக்கூடாது என்று சொம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் காலத்துப் பசங்க, சித்தப்பா? உங்கள் டீமில் ஆடினவர்களா, டிரங்குப் பெட்டி மூடியில் இருந்தவர்களா? அவர்கள் முன்னால் நான் எப்படி நிற்க முடியும்? அந்த லிஸ்டில் இருந்தவர்கள் முன்னால் நின்றாகிவிட்டது, அதனால்தானே பேர் வந்தது?

அன்றைக்கு அப்பாவும் நீங்களும் பேசின மீதியும் எனக்குத் தெரியும். பணம், அறுவடை, அப்புறம் உங்கள் முட்டி. அதை இங்கே எழுதமாட்டேன், ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள். அவனும் என்னைப் போல நொண்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தீர்கள் என்று சித்தி ஒருமுறை சொன்னார். இருக்கலாம். அதை அப்படியே சொல்லியிருந்தால் என்ன? எனக்கு வலிக்கும் என்று பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பதினாறு வயதில் நான் போதாது என்று கேட்டவன் சாகிறவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்த முட்டி எப்படிப் போனது என்பதற்கும் நம் வீட்டில் இரண்டு கதை உண்டு. நீங்கள் சொல்வது ஒன்று, அப்பா சொன்னது ஒன்று. சம்பந்தப்பட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், பேர் வேண்டாம். ஸ்டாப்பர் என்றால் அடி வாங்குகிற ஆள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ஸ்பெயின் பையன் லாமின் யமால் ஆட்டத்தை பாப்பா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். யூரோ 2024, பிரான்ஸுக்கு எதிராகப் பதினாறு வயதில் அடித்த அந்த கோல். எத்தனையாவது தடவையோ. நான் பின்னால் நின்று என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க காலமா இருந்தா இவனை ரெண்டாவது நிமிஷமே சாச்சிருப்பாங்க." 1982இல் இத்தாலிக்காரன் ஜென்டிலே மரடோனாவை ஒரே மேட்சில் 23 தடவை அடித்ததைச் சொன்னேன். அடுத்த வருஷம் ஸ்பெயினில் பில்பாவோ டீம்காரன் அவர் கணுக்காலை உடைத்ததைச் சொன்னேன். 1966இல் பெலேவை வெட்டி வெட்டி வெளியே அனுப்பினதையும், மஞ்சள் அட்டையே 1970இல்தான் வந்தது என்பதையும் சொன்னேன். எல்லாம் நீங்கள் எனக்குச் சொன்ன வரிசையில், உங்கள் குரலில். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆள அடிச்சு ஒக்கார வெச்சா அதுக்குப் பேரு டிஃபென்ஸாப்பா?" என்றாள். அப்புறம், "எங்க தமிழ்நாட்டு சீனியர் அக்காங்க மணிப்பூரையே ஜெயிச்சு நேஷனல்ஸ் கப் வாங்கினாங்க, 2018ல. அந்தக் காலத்துல பொம்பளப் புள்ளைங்க டீம் எங்க இருந்துச்சு நம்ம ஊர்ல?" என்றாள். நான் மோட்டார் போடப் போகிற மாதிரி தோட்டத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

2026 வேர்ல்டு கப் மறுபடி மெக்சிகோவில் தொடங்குகிறது. அதே அஸ்டெகா மைதானம். 1970இல் உங்கள் பெலே, 1986இல் உங்கள் மரடோனா. நம் கடிகாரத்துக்கு ஜூன் 12, நள்ளிரவு தாண்டி அரை மணி. மேட்டூர் திறக்கிற வழக்கமான தேதியும் அதுதான் என்று தம்பி சொன்னபோது நீங்கள் சிரித்தீர்களாமே. நானும் பாப்பாவும் 11ஆம் தேதி சாயங்காலமே வருகிறோம். தண்ணீர் வருவதற்குள் ஆற்றில் ஒரு அரை மணி நேரம் ஆடவேண்டும் என்கிறாள். உங்களை நாற்காலி போட்டு மணலில் உட்காரவைக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். வேகம் பத்தாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவைதான் கேட்கிறேன்.

வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டேன் அல்லவா. நான் பார்த்தேன், சித்தப்பா. என் நெற்றியில் துண்டைக் கட்டிவிட்டு, அந்த ஊறின பந்தை மணலில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, நாலு எட்டு பின்னால் போய், கெட்ட முட்டியை ஊன்றி, வெறுங்காலால் அடித்தீர்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலேயே போனது. வழியெல்லாம் தண்ணீர் தெறித்தது. அப்படி ஒரு அடியை நான் அதற்கப்புறம் எந்த டிவியிலும் பார்க்கவில்லை. அடித்துவிட்டு நீங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி பந்தை எடுக்க ஓடினேன்.

ஆனால் அது கோல் இல்லை. முப்பத்தாறு வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் நீங்கள் கோல் என்று சொல்லிவருகிறீர்கள், நானும் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வலது பக்கத்து மூங்கிலுக்கு ஒரு சாண் வெளியே போனது. மூங்கிலை நட்டவன் நான், எனக்குத் தெரியும்.

சித்தியிடம் ராத்திரிக்கு இட்லி போதும் என்று சொல்லுங்கள். பாப்பா காரம் சாப்பிடமாட்டாள்.

உங்கள்
அண்ணன் மகன்