மச்சானை உட்கார வைத்த கேப்டனுக்கு

கீழக்கரை
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. ஃபோனில் பேசினால் நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு டைப் அடிக்க வராது. தாளில் எழுதி உன் தங்கையிடம் கொடுக்கிறேன், படம் எடுத்து அனுப்புவாள். எழுத்து புரியாவிட்டால் அவளைக் கேள்.

போன ஞாயிறு உங்கள் கிரிக்கெட் ஃபைனல். திங்கள் காலையில் மாமி வீட்டுப் பால் வரவில்லை. மாடு நோவு போல என்று நினைத்துக் கடையில் பாக்கெட் வாங்கினேன். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மாமி நம் வாசலைத் தாண்டிப் போனவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஷார்ஜாவில் நம் ஊர்ப் பையன்கள் டீமுக்கு நீ கேப்டன். ஃபைனலில் உன் மாமா மகனை உட்கார வைத்துவிட்டாய். மேட்ச்சும் தோற்றுவிட்டது. ஜெயித்திருந்தால் பால் வந்திருக்கும்!

அவனை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. மூன்று வாரம் பிராக்டிஸுக்கு வரவில்லை என்று நீ உம்மாவிடம் சொன்னாயாம். கேப்டன் நீ, டீம் உன் பொறுப்பு. நான் கேட்பது வேறு. அவனுக்கு அது எப்படித் தெரிந்தது? உன் தங்கை சொல்கிறாள், சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் பதினொரு பேர் லிஸ்ட் போட்டாயாம். அவன் மேலிருந்து கீழே படித்து, இன்னொரு தடவை படித்து, தன் பேர் இல்லை என்று தெரிந்துகொண்டானாம். அதுவும் உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு.

2004 மார்ச் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. உனக்கு அப்போது எட்டு வயது. பாகிஸ்தானோடு முல்தான் டெஸ்ட். சேவாக் 309 அடித்து முடித்திருந்தார். இரண்டாம் நாள் மாலை சச்சின் 194. யுவராஜ் அவுட் ஆனதும் ட்ராவிட் கூப்பிட்டுவிட்டார், டிக்ளேர், அதாவது நாம் அடித்தது போதும், இனி அவர்கள் ஆடட்டும் என்று. கங்குலிக்கு அடிபட்டிருந்ததால் ட்ராவிட்தான் அந்த மேட்ச்சுக்குக் கேப்டன். நீ ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். பேட்டரி மூடி தெறித்து எங்கே போனதென்று கடைசி வரை கிடைக்கவே இல்லை. அந்த டிவி போகும் வரை ரிமோட்டுக்கு ரப்பர் பேண்டுதான். இருநூறுக்குக் குறைந்த ஆறு ரன்னுக்காக அழுதாய், சோறு வேண்டாம் என்றாய், ட்ராவிடைக் கெட்டவன் என்றாய்.

அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது, அவர் செய்தது சரி, மாலை வெயிலில் களைத்து நிற்கிறவர்களை பேட் பிடிக்க வைப்பதுதான் புத்தி என்று. மேட்ச்சும் ஒரு இன்னிங்ஸ் 52 ரன்னில் நம் பக்கம் முடிந்தது. இப்போது கேட்டால் பாதிதான் சரி என்பேன். டிக்ளேர் சரி. ஆனால் தான் அதை எதிர்பார்க்கவே இல்லை என்று சச்சின் அன்று மாலையே வெளியில் சொன்னாரே, அந்த இடத்தில்தான் ஏதோ இடறியிருக்கிறது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு, 194-இல் நிற்கிறவருக்கு, இன்னும் இத்தனை ஓவர்தான் என்பது மனசில் பதிகிற மாதிரி போய்ச் சேரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் சேர்ந்து ஆடினார்கள். ஆனாலும் முல்தான் என்றால் ஜனங்கள் சேவாக்கின் 309-ஐச் சொல்லி முடிப்பதற்குள் இந்த 194-ஐ எடுத்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் ட்ராவிட் பக்கம் சொல்வேன். இந்த மாதிரி அடியைக் கொடுத்தவர் மட்டும் அல்ல, முன்னால் தானே வாங்கியவர். 2001-இல் கல்கத்தாவில் ஃபாலோ ஆன், முதல் இன்னிங்ஸில் ரொம்பப் பின்தங்கி உடனே நாமே மறுபடி ஆட வேண்டி வந்தது. ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியா தொடர்ந்து பதினாறு டெஸ்ட் ஜெயித்து வந்திருந்த நேரம். இரண்டாவது இன்னிங்ஸில் மூன்றாம் இடத்துக்கு லக்ஷ்மணை அனுப்பினார்கள். அது ட்ராவிடின் இடம். அவர் ஆறாம் இடத்துக்கு இறங்கினார். லக்ஷ்மண் 281, ட்ராவிட் 180, நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. 171 ரன்னில் நாம் ஜெயித்தோம். எல்லாரும் 281-ஐப் பேசுவார்கள். எனக்கு அந்த 180-தான் பெரிசு. இடத்தைப் பிடுங்கிய அன்றைக்கே ஒருவன் அப்படி ஆடுவதென்றால் அது சின்ன மனசு இல்லை.

நீ அன்றைக்கு ஃபோனில், "இந்தக் காலத்தில் ஐந்து நாள் மேட்ச்சை யார் வாப்பா பார்க்கிறார்கள்" என்றாய். பாராதே. ஆனால் இருபது ஓவரில் கேப்டன் ஃபீல்டர்களை அங்கே இங்கே ஓட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது, ஒருவன் முகத்தைப் பார்க்க நேரம் ஏது? டெஸ்ட் அப்படி இல்லை. நான் மண்ணடியில் கடையில் நின்ற காலம், 1986 செப்டம்பர். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா. அந்த வெக்கையில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார். முடியவில்லை, போகிறேன் என்றவரிடம் கேப்டன் ஆலன் பார்டர், உன்னால் முடியாவிட்டால் தெம்பான வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று பிட்ச்சிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டார். பார்டர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு உயிர் போயிருந்தால்? ஆனால் சொன்னதை முகம் பார்த்துச் சொன்னார். கடைசி நாள் திங்கட்கிழமை, முதலாளி விடவில்லை. ரேடியோதான். கடைசி ஓவரில் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மணிந்தர் சிங்கை ஆட விட்டார். மேத்யூஸ் பந்தில் எல்பிடபிள்யூ, மேட்ச் டை, இரண்டு பக்கமும் சமம். நான் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுபோய், கணக்குத் தப்பி இரண்டு முழம் கூடப் போய்விட்டது. சம்பளத்தில் பிடித்தார்கள்.

1999-இல் அதே சேப்பாக்கத்தில் நேரிலேயே பார்த்தேன். ஜனவரி 31, ஞாயிறு, கடை லீவு. பாகிஸ்தானுடன் நான்காம் நாள். நமக்கு வேண்டியது 271. 82-க்கு ஐந்து விக்கெட் போனது. சச்சினும் மோங்கியாவும் நின்றார்கள். சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். 136. இன்னும் பதினேழு ரன் வேண்டியிருக்கையில் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார், அவர்கள் கேப்டன் வாசிம் அக்ரம் கையில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் நாலே ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் போனது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. சக்லைன் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் அக்ரம் அவர் மேல் வைத்த நம்பிக்கையை எடுக்கவில்லை, அதைப் பார்த்துக்கொள்.

அந்தக் காலத்தில் பாகிஸ்தான் மேட்ச் என்றால் நம்மாட்கள் டீக்கடையில் அக்ரமின் ஒரு நல்ல பந்துக்குக் கை தட்டக்கூட இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வோம். உனக்கு அது தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். அன்றைக்கு ஒரு நிமிஷம் ஸ்டேடியத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு எங்கேயோ ஒரு மூலையில் கைத்தட்டல். அப்படியே பரவி எல்லாரும் எழுந்தார்கள். அக்ரமும் பையன்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர் ஒருவர், கண்ணில் தண்ணீர், கை தட்டுகிறார். நானும் தட்டினேன். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அடிலெய்டில் இலங்கைக் கேப்டன் ரணதுங்க அம்பயர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிவிட்டு டீமைக் கூட்டிக்கொண்டு பவுண்டரிக் கோட்டுக்கே போனது. முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நோ பால் கொடுத்தார்கள். கேப்டன் செய்யலாமா என்றால் செய்யக்கூடாதுதான். கடலில் நமக்கும் அந்தக் கரைக்கும் ஆயிரம் தகராறு உண்டு. ஆனால் சின்ன வயசிலிருந்து இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த இந்தக் கரையில், கண்டித் தமிழ்ப் பையனுக்காக ஒரு சிங்களக் கேப்டன் அப்படி நின்றதைப் பார்த்து வாய் பிளக்காதவர் யாரும் இல்லை. அந்த முரளிதான் 2010-இல் இலங்கையின் காலி ஊரில் 800 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார்.

நம் அஸ்வினைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது. 106 டெஸ்ட், 537 விக்கெட், ஒரு டெஸ்ட்டில்கூடக் கேப்டன் இல்லை. 2023-இல் ஓவலில் உலக டெஸ்ட் ஃபைனலில் ஆடிய பதினொரு பேரில் இல்லை. வெங்கட்ராகவனுக்கும் ஸ்ரீகாந்துக்கும் பிறகு நம் பக்கத்து ஆள் ஒருவர் அந்த பிளேசரைப் போட்டுக்கொண்டு டாஸுக்குப் போவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. சிட்னியில் 2021-இல் முதுகைக் குனிய முடியாமல் விஹாரியோடு நாற்பது ஓவருக்கு மேல் நின்று மேட்ச்சைக் காப்பாற்றினாரே, அந்த டிரா எனக்குப் பத்து வெற்றிக்குச் சமம். நீ டிரா என்றால் வீண் என்கிறாய். போ.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பத்தொன்பது வயசில் தொண்டியில் ஒரு மேட்ச். பஸ் பிடித்து, பையைச் சுமந்துகொண்டு போய் இறங்கினேன். நான்தான் ஓபனிங் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்தால் காலில் கட்டுகிற பேடைக் காணோம். திரும்பிப் பார்த்தால் வேறொருவன் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், வாரை இழுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருப்பது எங்கள் கேப்டன். நான் நாள் முழுக்கத் தண்ணீர் தூக்கினேன். அந்த மேட்ச்சில் யார் ஜெயித்தது என்று இப்போது யோசித்தாலும் வரவில்லை. அந்த வார் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. பழுப்பு நிறம், ஒரு பக்கிள் உடைந்து சணல் போட்டுக் கட்டியிருப்பேன். அந்தக் கேப்டன் இப்போது எனக்கு நல்ல சிநேகம்தான், பேர் வேண்டாம்.

சரி. மாமா வீட்டுக்கு நானும் உம்மாவும் நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு போகிறோம். மாமி இரண்டு வார்த்தை பேசுவாள், கேட்டுக்கொள்வேன். உன் பேரில் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன், அது உன் வேலை.

அடுத்த வாரம் தெருக்கோடி வீட்டுக்காரர் துபாய் வருகிறார். அவரிடம் தொதல் கொடுத்து அனுப்புகிறேன், இரண்டு பொட்டலம். உம்மா கிண்டியது, கை கடுத்ததென்று உன்னைத் திட்டிக்கொண்டே கிண்டினாள். பெரியது அவனுக்கு. குரூப்பில் போட்டோ போட்டு "வந்து எடுத்துக்கோ" என்று எழுதிவிடாதே. அடுத்த கட்டில்தானே.

வாப்பா