‘ஜாலி’யில் காணாமல் போன பாதிப் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழம்பொருள் சேகரிப்பு பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் மூன்றாவது படத்துக்கு அடியில் ஒரு வரி: “காசைக் கொடுத்தால் லபக்கென்று விழுங்கும் வேடிக்கையான ஜாலி உண்டியல். வரவேற்பறைக்கு அழகு!” அந்த ஆச்சரியக்குறியைப் போட்டவருக்கு என் தனி வந்தனம்.

அதன் பெயர் ஜாலி உண்டியல் அல்ல. ‘ஜாலி நிக்கர் பேங்க்’. முதல் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாவதை நறுக்கிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். தமிழ் எழுத்தில் போட்டால் அந்த இரண்டாம் சொல் ஏதோ பள்ளிப் பையனின் அரைக்கால் சட்டை மாதிரிதான் தெரியும். அமெரிக்காவில் அது கறுப்பின மனிதனை ஏலம் விட்டபோதும், கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டபோதும் சொன்ன வசை. கூச்சப்பட்டு நறுக்கியிருந்தால் படத்தையும் சேர்த்து நறுக்கியிருக்கலாமே? தெரியாமல் நறுக்கியிருந்தால் அதைவிட மோசம். இவ்வளவு பெரிய இதழின் ஆசிரியர் குழுவுக்கு இது தெரியாதென்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று எழுதாமல் ‘வேடிக்கை’ என்று மட்டும் எழுதிவிட்டதால் சொல்கிறேன். மார்பளவு வார்ப்பிரும்பு உருவம். கன்னங்கரேல் என்ற முகம், சிவந்து தடித்த உதடு, பிதுங்கிய வெள்ளை விழி. நீட்டிய கையின் உள்ளங்கையில் காசை வைத்து, தோளுக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் கை வாய்வரை எழும்பும், நாக்கு உள்ளே மடங்கும், விழி மேலே சொருகும், காசு வயிற்றுக்குள் விழும். பிள்ளைகளுக்குச் சேமிப்பைக் கற்றுத்தரச் செய்த சாமான் இது. கூடவே வேறொன்றையும் கற்றுத்தந்தது: இவன் எதைக் கொடுத்தாலும் விழுங்குவான், விழுங்கிவிட்டு விழி சொருகிச் சந்தோஷப்படுவான், எத்தனை முறை அழுத்தினாலும் அப்படியே செய்வான்.

இது 1882-இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் ஷெப்பர்ட் ஹார்ட்வேர் வார்த்த சரக்கு. அந்த வருஷத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் காவலாக இருந்த மத்திய அரசின் படை 1877-இல் விலகியது. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1883-இல் செல்லாது என்றது. கறுப்பினத்தவருக்கு ரயிலில் தனிப்பெட்டி ஒதுக்குவது சரியே என்று 1896-இல் தீர்ப்பு வந்தது. வாக்கும் சட்டமும் பறிபோன அதே வருஷங்களில்தான் இந்த உண்டியல் வீட்டு மேசைக்கு வந்தது. இது மட்டுமல்ல. கனெக்டிகட் மாநிலம் குரோம்வெல்லில் ஜே. அண்ட் இ. ஸ்டீவன்ஸ் கம்பெனி செய்த கோவேறு கழுதை உண்டியலில், சவாரி செய்யும் கறுப்பு ஆளின் வாயில் காசை வைத்து நெம்புகோலைத் தொட்டால் கழுதை அவனைக் குப்புறத் தள்ளும், காசு வாயிலிருந்து விழும். அவன் விழுவதுதான் அங்கே சிரிப்பு. இதற்கும் அடுத்த இதழில் ஆச்சரியக்குறி போடுவீர்களோ?

இனி, உங்கள் கட்டுரையாளருக்கு இன்னும் வலிக்கக்கூடிய சேதி. நீங்கள் போட்டிருப்பது 1882 சரக்கே அல்ல. நல்லவேளையாகப் பின்பக்கப் படத்தையும் பெரிதாகப் போட்டீர்கள். இரண்டு பாதிகளையும் பிடித்திருப்பது ஸ்டார் ஸ்க்ரூ. கூட்டல் குறி வெட்டிய அந்த ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930-களில். அசலில் ஒற்றைக் கோடு வெட்டிய ஸ்க்ரூதான் இருக்கும். ஸ்க்ரூவை மாற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். அதனால் அடுத்தது: இணைப்பைப் பாருங்கள். பழைய பட்டறையில் ஓரங்களைக் கையால் அரம் போட்டுப் பொருத்துவார்கள், இடையில் காகிதம்கூட நுழையாது. உங்கள் படத்தில் தோள் ஓரம் தீக்குச்சி போகும் அளவு வாய் பிளந்திருக்கிறது. மேற்பரப்பு சொரசொரவென்று பணியாரக் கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருக்கிறது. அசலுக்கு மாவு போன்ற நயமான மணலில் அச்செடுத்ததால் வழவழப்பாகவும் சுவர் மெல்லிசாகவும் இருக்கும். துருவும் பொய் சொல்லாது. நூறு வருஷத் துரு கரும்பழுப்பு, விரலில் ஒட்டாது. உப்புத் தண்ணீரோ அமிலமோ தெளித்து ஒரு வாரத்தில் வரவழைத்த துரு செங்கல் நிறத்தில் கையில் அப்பும். பெயின்ட் தேய்வதும் அப்படித்தான்: பிள்ளைகள் கை பட்ட நெம்புகோலிலும் உள்ளங்கையிலும் தேய வேண்டும். இதில் யார் கையும் படாத முதுகில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

கடைசிச் சோதனை அளவு. உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அசல் பட்டறைக்காரன் இதைக் கணக்கிட்டு மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வான். கள்ள வார்ப்புக்காரனிடம் அந்த மாதிரி ஏது? அசல் பொம்மையையே மணலில் அமுக்கி அச்செடுக்கிறான், வார்ப்பு சுருங்கிவிடுகிறது. 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அசலின் வரைவோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுக்கிறார்கள்.

இவ்வளவு எழுதியது தொழில் பெருமைக்காக அல்ல. வாங்கலாமா, விற்கலாமா, கண்டிக்க வேண்டுமா என்று கட்டுரையின் கடைசியில் வழவழவென்று கேட்டிருந்தீர்களே, அதற்கான பதில் இந்த ஒன்றரை மில்லிமீட்டரில் இருக்கிறது. அசல் வார்ப்பு ஒரு சாட்சி. யார் செய்தார்கள், எந்த வருஷம், யாருக்கு விற்றார்கள் என்பதை அது தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். உருக்கிவிட்டால் ‘அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்பவனுக்குத்தான் சௌகரியம். புதிதாக வார்த்த நகலில் சாட்சி எதுவும் இல்லை, வசை மட்டும்தான் இருக்கிறது. அதை வாங்குகிறவன் வசையைத்தான் வாங்குகிறான். நீங்கள் வரவேற்பறைக்குச் சிபாரிசு செய்தது இந்த இரண்டாவதை.

மிச்சிகன் மாநிலத்தில் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிம் குரோ அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த அந்தக் காலச் சட்டங்களுக்கு வழங்கிய பெயர்தான் ஜிம் குரோ. அதை நிறுவிய டேவிட் பில்கிரிம் கறுப்பின சமூகவியல் பேராசிரியர். சிறுவயதில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சின்னப் பொருள் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, விற்றவன் கண்ணெதிரிலேயே தரையில் போட்டு உடைத்தவர். பிறகு உடைப்பதை விட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். 1996-இல் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்தது 2,000 பொருள்கள். அங்கும் இதே மாதிரிச் சாமான்கள்தான். ஆனால் பக்கத்திலேயே அந்தக் காலத்துச் சட்டமும் கும்பல் கொலையும் பற்றிய விவரங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் இதற்குப் பக்கத்தில் இருந்தது பித்தளைக் கூஜா.

‘அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?’ என்று ஒரு வாசகர் கேட்பார், அதையும் நீங்கள் போடுவீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர் வீட்டுக் குளியலறைகளில் ‘டார்க்கி’ பற்பசை இருந்ததே, மறந்துவிட்டதா? அந்தப் பெயரும் கறுப்பினத்தவரைச் சொல்லும் வசைதான். உயரத் தொப்பி, கறுப்பு முகம், வெள்ளைப் பல். ஆங்கிலப் பெயர் 1989-இல்தான் ‘டார்லி’ ஆனது. சீனப் பெயர் ‘கறுப்பர் பற்பசை’ என்றே தொடர்ந்து, மாற்றப்போவதாக 2021-இல்தான் அறிவித்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய அஞ்சலட்டைகளையும் பாருங்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது, ‘தமிழ்க் கூலி’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும். கூலி என்பது நம் சொல்தான், நம்மிடமே வசையாகத் திரும்பி வந்தது. அந்த அட்டையையும் யாராவது ஃபிரேம் போட்டு மாட்டி ‘வேடிக்கையான பெண்’ என்று எழுதினால் உங்களுக்குச் சம்மதமா?

இதே இதழின் நகைச்சுவைப் பக்கத்தில், கரண்ட் போனால் மாப்பிள்ளையின் பல் மட்டும் தெரிகிறது என்ற ஜோக் வருஷத்துக்கு நாலு தடவையாவது வருகிறது. பின்னட்டையில் சிவப்பழகு கிரீம் விளம்பரம். அப்படியிருக்க இந்த உண்டியல் உங்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம் போடுங்கள்: பொருளின் முழுப் பெயர், அசலைச் செய்த கம்பெனியும் ஊரும், 1882 என்ற வருஷம், படத்தில் உள்ளது பிற்கால நகல் என்ற விவரம். ‘வேடிக்கை’, ‘அழகு’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். யார் வீட்டிலாவது அசல் இருந்தால் புது பெயின்ட் அடிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், குழந்தை கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் உண்டு. உதிர்ந்த துகள் வாய்க்குப் போனால் ஆபத்து.

இப்படிக்கு,
பழைய இரும்பு, பித்தளைச் சாமான் செப்பனிடும் வாசகர்,
காரைக்குடி

பி.கு.: பழைய வெண்கலச் சிலையை உப்பும் புளியும் போட்டுத் தேய்க்கச் சொல்லி முன்பு ஒரு வீட்டுக்குறிப்பு வந்தது. உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் இறங்கி, சிலை பச்சை மாவாக உதிரும் என்று அப்போதே எழுதியிருந்தேன். அந்தத் திருத்தமும் இன்னும் வரவில்லை.