பெட்ரோல் பங்க் பலகையைத் திருத்தி எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

நாகப்பூரில் உள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமை அதிகாரி அவர்களுக்கும், எண்ணெய் நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கடந்த சித்திரை மாதம் ஒரு நண்பகலில், நான் வழக்கமாகச் செல்லும் பங்கில் எனக்கு முன்னால் நின்றவரின் பைக்கில் டேங்க் நிரம்பி வழிந்தது. வழிந்த பெட்ரோல் சூடான இன்ஜின் மீது சொட்டி, சொட்டிய இடம் உடனே காய்ந்துபோவதைப் பார்த்தேன். ஊழியர் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டார். வண்டிக்காரர் நின்ற இடத்திலேயே உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து நின்ற நான் நேரம் பார்க்கக் கைபேசியை எடுத்ததும், “போனை உள்ள வைங்க சார், தீப்பிடிச்சுக்கும்” என்று ஊழியர் அதட்டினார். பெட்ரோல் போட்டு முடித்தபின், அதே பம்பில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டி அதே கைபேசியில் பணம் அனுப்பச் சொன்னார். அவரைக் குறை கூற மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

பெட்ரோல் ஆவியைப் பற்றிய அச்சம் நியாயமானது. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதால் தரையோடு பரவும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கையில், ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றலுள்ள பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். ஆனால் கைபேசியின் அலைகள் அப்படிப்பட்ட பொறியை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் பர்கெஸ், 1993 முதல் 2004 வரை உலகெங்கும் நிகழ்ந்த 243 பெட்ரோல் நிலையத் தீ விபத்துகளை ஆராய்ந்து, அவற்றில் ஒன்றுகூடக் கைபேசியால் நேர்ந்ததல்ல என்றார். அமெரிக்காவில் இத்தகைய தீ விபத்துகளைத் தொகுத்தவர்கள் கண்ட காரணம், உடலில் சேரும் நிலைமின்சாரம்.

கைபேசியைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எரியக்கூடிய ஆவி சூழ்ந்த இடத்துக்கென்று அது தயாரிக்கப்படவில்லை. பழுதான பேட்டரி எங்கும் ஆபத்துதான். பேச்சில் மூழ்கியவருக்கு டேங்க் வழிவது தெரியாது. ஆகவே, நாசில் (பம்புக் குழாயின் முனை) டேங்கினுள் இருக்கும் வரை கைபேசி வேண்டாம் என்று காரணத்தோடு எழுதுங்கள். கியூஆர் அட்டையைப் பம்பிலிருந்து எடுத்துச் சில அடி தள்ளி வையுங்கள். தடை விதித்த இடத்திலேயே அதை மீறச் சொன்னால், பலகையிலுள்ள மற்ற எச்சரிக்கைகளையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

அந்த மற்ற எச்சரிக்கைகளே என் கவலை. இன்ஜினை அணைத்து, இருசக்கர வண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும்; டேங்கை விளிம்பு வரை நிரப்பக் கூடாது; சிந்திவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், நன்றாக உலர்ந்த பிறகே கிளப்ப வேண்டும் என்பவை முதல் வரியிலேயே பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும். அனுமதிக்கப்பட்ட கேனில் பெட்ரோல் வாங்குவோர் அதை வண்டிமேல் வைத்துப் பிடிக்காமல் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும் என்பதையும் சேருங்கள். தரையைத் தொடாத கேனில் சேரும் மின்னூட்டம் இறங்க வழியில்லை. இவற்றை ஊழியர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்து, வழிந்த வண்டியை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அவர்களுக்கு எழுத்துமூலம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நாள்தோறும் பைக்கில் வேலைக்குச் செல்லும் ஒரு வாடிக்கையாளர்