பட்டறைக்குப் பிள்ளையை அனுப்ப முன் எழுத வேண்டிய ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பாடசாலைகளையும் உள்ளூர்த் தொழில் நிலையங்களையும் இணைப்பது பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை பழக மனமில்லை.” கராஜ் முதலாளி சொல்வார், ஹோட்டல் முகாமையாளர் சொல்வார், சில அதிபர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் விலகுகிற பயிலுநர் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே விலகிவிடுகிறார். அந்த மூன்று வாரமும் அவர் செய்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், தேநீர் வாங்கி வந்தார், தரை கூட்டினார். அவர் வரப்போவதை அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. இதற்கு மனதைக் குறை சொல்வது வசதியான பதில்தான்.

பாடசாலையும் முதலாளியும் கைகுலுக்கிப் படம் எடுக்க முன், ஒரு தாளில் நான்கு விடயங்கள் எழுதப்பட வேண்டும். பிள்ளைக்குப் பழக்கப்போகிறவர் யார்? இங்கே முதலாளியின் பெயரை எழுதிப் பயனில்லை, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரின் பெயர் வேண்டும். எந்த வாரம் எந்த வேலை? எந்தெந்த நாள், எத்தனை மணிவரை? போக்குவரத்தும் மதிய உணவும் யார் செலவு? இந்தத் தாள் இல்லாமல் தொடங்குகிற திட்டம் நல்ல மனதோடுதான் தொடங்கும், ஆனால் இரண்டாம் மாதம் ஆள் இருக்காது.

இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணம். மீன்பிடிப் படகுகளின் பின்புறத்தில் பூட்டும் அவுட்போட் எஞ்சின் திருத்தும் பட்டறைக்கு 12 வாரத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்புக் கழுவுவது, தண்ணீர் பீச்சும் துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்த இரண்டு வாரம் பிளக் கழற்றித் துடைத்து இடைவெளி அளப்பது. நான்காம், ஐந்தாம் வாரம் கீழ்ப்பகுதிக் கியர் ஓயில் மாற்றுவது. வடித்த ஓயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புதிய ஓயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி மேல்த் துவாரத்தால் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு ஓயில் குறைந்துபோகும். இதை ஏன் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ஒரு தடவையில் பிடித்துக்கொள்வார். ஆறாம், ஏழாம் வாரம் தண்ணீர்ப் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறப்பர் இம்பெல்லர் மாற்றுவது. தண்ணீரில்லாமல் எஞ்சினை ஓட்டினால் அந்த இறப்பர்தான் முதலில் கருகும் என்பதை, கருகிய ஒன்றைக் கையில் கொடுத்தே காட்டலாம். பிறகு இரண்டு வாரம் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர். கடைசி மூன்று வாரம் திருத்த வந்த எஞ்சினில் என்ன பழுது என்று பயிலுநரே முதலில் சொல்ல வேண்டும், மெக்கானிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் நேரே மூன்று கட்டம்: பார்த்தேன், உதவினேன், தனியே செய்தேன். பக்கத்தில் திகதி, பழக்கியவரின் ஒப்பம். இந்தக் கொப்பிதான் பிறகு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமை, மதிப்பீட்டாளர் முன்னால் பிள்ளைக்குச் சாட்சி. அதில் ஏழு மட்டங்கள் உள்ளன, பட்டறையில் பழகுகிறவர் முதலில் குறிவைக்க வேண்டியது மூன்றும் நான்கும். கொப்பியைத் தமிழில் எழுதட்டும், ஆனால் பட்டறைச் சொல்லையும் பாடப்புத்தகச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் பழக்குங்கள். ‘பிளக்’ என்றே கேட்டு வளர்ந்தவர், தாளில் ‘தீப்பொறிச் செருகி’ என்று கண்டால், வேலை தெரிந்தும் விழிப்பார்.

நாட்களைப் பற்றி. வாரத்தில் ஒரு நாள் என்பது அதிபர்களுக்குப் பிடித்த ஏற்பாடு, நேரசூசிக்கு இலகு. பயிற்சிக்கு அது உதவாது. திங்கள் கழற்றிய எஞ்சினைப் புதன் பூட்டுவார்கள், திங்கள் மட்டும் வருகிற பிள்ளை வருடம் முழுக்கக் கழற்றுவதையே பார்ப்பார். தொடர்ந்து மூன்று நாட்கள் வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளி ஜும்ஆவுக்குப் பட்டறை மூடித் திறக்கும்போது பாதி நாள் போய்விடும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பிள்ளையை அனுப்பினால் வெறும் அறைக்குக் கட்டில் விரிக்கத்தான் பழகுவார். படகு எஞ்சினுக்கோ நேர்மாறு. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு கரையேறும் மாதங்களில்தான் எஞ்சின் முழுதாகக் கழற்றப்படும். ஒரே திகதியில் எல்லாத் துறைக்கும் பயிற்சி தொடங்கச் சொல்லும் சுற்றறிக்கை நம்முடைய கடலோரத்துக்குப் பொருந்தாது.

சட்டம் குறித்து முதலாளிகள் பலருக்கு நியாயமான பயம் உண்டு. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 முதல் 16. அதோடு 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட ஆபத்தான தொழில்களின் பட்டியல் ஒன்று ஒழுங்குவிதிகளாக வர்த்தமானியில் உள்ளது. தாளில் வேலைகளை எழுதும்போதே அதைப் பார்த்து எழுத வேண்டும். ஃபைபர் படகு கட்டும் இடத்தை எடுங்கள். ரெசின் என்ற பிசின் ஒரு கிலோவுக்கு அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் பத்து முதல் இருபது கிராம்தான். கூடினால் கலவை கொதித்துப் புகைந்து வெடிப்பு விடும், குறைந்தால் இறுகாது. இறுகுவதை விரைவாக்கும் அக்சலரேட்டரையும் ஹார்ட்னரையும் ரெசின் இல்லாமல் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடித்தே விடும். ஆவியோ தலையைச் சுற்றும். 16 வயதுப் பிள்ளை அங்கே அச்சு அளக்கலாம், வரைபடம் வாசிக்கலாம். கலவைப் பக்கமும் கிரைண்டர்த் தூசிப் பக்கமும் விடக்கூடாது. விபத்து நடந்தால் என்ன என்ற கேள்விக்கும் பதிலைத் தாளிலேயே எழுத வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையாள் என்று சொல்லும்போது பயிலுநர் ஒப்பந்தத்தில் உள்ளவரையும் சேர்த்தே சொல்கிறது. வாய்ப்பேச்சில் வந்த பிள்ளை என்றால் அந்த உரிமையை நிறுவ அலைய வேண்டிவரும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, ஊடாக ஒப்பந்தம் எழுதுவதன் பெரிய பயன் இதுதான். சான்றிதழ் அதற்கு அடுத்தது.

பணம். நாளொன்றுக்குப் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்த்து 500 ரூபா என்று வைத்தால் மாதத்தில் 13 நாளுக்கு 6,500 ரூபா. மீனவக் குடும்பமோ கூலிக் குடும்பமோ இதைக் கையால் போட்டு மூன்று மாதம் அனுப்பாது, அனுப்பச் சொல்வதும் நியாயமில்லை. பட்டறையில் எல்லோரோடும் மதியச் சாப்பாடு கொடுத்தால் பாதிச் சுமை இறங்கும். பஸ் காசைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம். கோயில் திருவிழாவுக்கும் மைதானத்துக்கும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களிடம் பத்துப் பிள்ளைகளின் பஸ் காசைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

“பழக்கி விட்டால் கட்டாருக்குப் போய்விடுவான், இல்லையென்றால் எதிரே கடை போடுவான்” என்பது முதலாளியின் அடுத்த மனக்குறை. போவார்கள்தான், சிலர் கட்டாயம் போவார்கள். அதற்காகச் சான்றிதழ் மூலப் பிரதியையோ அடையாள அட்டையையோ வாங்கி வைப்பது கூடவே கூடாது, பாடசாலை அதற்கு உடன்படவும் கூடாது. ஒழுங்காகப் பழக்கினால் பாதிக் காலம் கடக்கும்போதே பயிலுநர் சின்ன வேலைகளைத் தனியே முடிப்பார். பழக்கியதற்கான கூலி முதலாளிக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளை அனுப்புவதென்றால் ஒரே இடத்துக்கு இருவராக அனுப்புங்கள், நாலு மணிக்கு விடச் சொல்லுங்கள், பூட்டக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா என்று ஆசிரியை நேரில் பார்க்கட்டும். அதற்கு முன் பெற்றோரை ஒரு தடவை அந்த இடத்துக்கே கூட்டிப் போக வேண்டும். தையலுக்கும் கேக்குக்கும் மட்டும் அவர்களை ஒதுக்குவதை நிறுத்தலாம். ஏசி திருத்தலிலும் கைத்தொலைபேசி திருத்தலிலும் என்ன தடை?

மேற்பார்வைதான் எல்லாத் திட்டமும் சறுக்கும் இடம். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொரு பிள்ளையையும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இருபது நிமிடம் போதும். முதலாளியின் அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அது மேற்பார்வை இல்லை. கொப்பியை விரித்து, “போன கிழமை எதைக் கழற்றினாய்? காட்டு” என்று பட்டறைக்குள்ளே நின்று கேட்க வேண்டும். ‘தனியே செய்தேன்’ கட்டம் ஆறு வாரமாக வெறுமையாக இருந்தால், பிள்ளையைக் கேட்பதற்கு முன் பழக்குகிறவரோடு பேச வேண்டும். இதற்கு ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு அரை நாட்கள் பாடமில்லாமல் ஒதுக்க வேண்டும், போக்குவரத்துச் செலவும் வேண்டும். இப்போது பல இடங்களில் ஆசிரியர் தன் லீவைப் போட்டுத்தான் போகிறார், எத்தனை தவணைக்குப் போவார்?

சீனக்குடாவின் மாவு ஆலை, சீமெந்து ஆலை, துறைமுகம் என்று பெரிய வாசல்களில் போய்த் தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அங்கே அனுமதி பெறவும் பாதுகாப்பு நடைமுறைக்கும் காலம் எடுக்கும், எடுக்கத்தான் வேண்டும். மூன்று நான்கு பேர் வேலை செய்யும் கராஜ், வெல்டிங் பட்டறை, பேக்கரி, மின்னிணைப்பு வேலைக்காரர், இவர்களிடம்தான் இடம் அதிகம். 2017 இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு உள்ள ஒரு பாடசாலை, ஐந்து பட்டறை, பத்துப் பிள்ளைகள். முதல் வருடத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிடமும் நாம் கேட்பது ஒரு பக்கக் கடிதம்தான். மேற்பார்வை ஆசிரியரின் அந்த இரண்டு அரை நாட்களும் கடமை நேரமே என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த தவணையின் நேரசூசி போட முன் அது அதிபர்களின் கைக்குக் கிடைக்கட்டும். நேரசூசி போட்ட பிறகு வந்தால் கோப்பில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தொழில் வழிகாட்டலில் ஈடுபட்டுள்ளோர் சிலர்,
திருகோணமலை.